இணையக் கண்காணிப்புக் கமெராக்களை அந்நியர் பார்வையிலிருந்து பாதுகாத்தல்

2014ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிரித்தானியத் தகவல் ஆணையாளர் அலுவலகம் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கமெராக்களின் நேரடிக் காட்சிகளை ஓர் இணையத்தளம், எவரும் காணக்கூடியவாறு, ஒரே இடத்தில் திரட்டி வைத்திருந்தது. அவற்றுள் ஏறத்தாழ 500 கமெராக்கள் பிரித்தானியாவைச் சேர்ந்தவை. பேர்மிங்காமில் ஒரு குழந்தையின் படுக்கையறையும் மான்செஸ்டரில் ஓர் உடற்பயிற்சிக் கூடமும் அவற்றுள் அடங்கும். இதற்கு அத்தளத்தை நடத்தியோர் பெரிய தொழில்நுட்ப வித்தை எதையும் செய்யவில்லை. தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொல் மாற்றப்படாமல் இருந்த கமெராக்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள், அவ்வளவே. படுக்கையறையில் அக்கமெராவைப் பொருத்திய பெற்றோர், பிள்ளை பத்திரமாக உறங்குகிறதா என்று பார்ப்பதற்காகவே அதை வாங்கியிருப்பர்.

அன்று அரிதாக இருந்த இக்கருவிகள் இன்று எங்கும் உள்ளன. வாசல் அழைப்புமணியே கமெராவாகிவிட்டது. சிறு கடைகளில் நான்கு அல்லது எட்டுக் கமெராக்கள் ஒரு பதிவுப்பெட்டியுடன் இணைக்கப்பட்டு, முதலாளியின் கைத்தொலைபேசியில் தெரிகின்றன. வீட்டில் தனித்திருக்கும் வயதான தாயாரை வேலைத்தலத்திலிருந்து பார்த்துக்கொள்ள ஒரு கமெரா, தொட்டிலின் மேல் ஒரு கமெரா, இலண்டனிலிருந்தபடியே யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தைப் பார்க்க இன்னொன்று எனத் தமிழ்க் குடும்பங்களிலும் இவற்றின் பயன்பாடு பெருகியுள்ளது. உரிமையாளர் எங்கிருந்தும் பார்க்கலாம் என்பதே இக்கருவிகளின் சிறப்பு. அந்தப் பாதை சரியாக அடைக்கப்படாவிடின், உரிமையாளர் அல்லாதோரும் அதே வழியாக உள்ளே வரலாம். கமெராவை வாங்குபவர் ஒருவர். அதன் முன் நடமாடுவோர் பலர். திறந்து கிடக்கும் கமெராவினால் பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் அந்தப் பலரே. ஆதலால் அதைப் பூட்டி வைக்கும் கடமை வாங்கியவரைச் சார்கிறது.

கமெரா வெளியே தெரிவது எவ்வாறு?

ஒவ்வொரு வீட்டிலும் இணைய இணைப்பைப் பெற்றுப் பகிரும் ரவுட்டர் என்னும் பெட்டி ஒரு மதில் போன்றது. வீட்டினுள் இருக்கும் கணினியோ தொலைபேசியோ வெளியே சென்று ஒன்றைக் கேட்டால் அதற்குரிய பதிலை அது உள்ளே விடும். வெளியிலிருந்து தாமாக வந்து கதவைத் தட்டுவோரை அது பொதுவாக உள்ளே விடாது. இவ்வியல்பு மாற்றப்படாதவரை, வீட்டினுள் இருக்கும் கமெரா வெளியுலகின் கண்ணுக்கு நேரடியாகத் தெரிவதில்லை.

பழைய வகைக் கமெராக்களையும் கடைகளில் உள்ள பதிவுப்பெட்டிகளையும் வெளியிலிருந்து பார்ப்பதற்கு இந்த மதிலில் ஒரு வாசல் திறக்க வேண்டும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘போர்ட் ஃபோர்வர்டிங்’ என்ற பெயரில் இது காணப்படும். கமெராவைப் பொருத்த வருபவர் பெரும்பாலும் இதைத் தாமே செய்துவிட்டு, தொலைபேசியில் படம் தெரிகிறது என்று காட்டிவிட்டுப் போய்விடுவார். வேறு சில கமெராக்கள் எவரையும் கேட்காமலே ரவுட்டரிடம் சொல்லி வாசலைத் திறந்துகொள்கின்றன. அதற்கு உதவும் ரவுட்டர் வசதியின் பெயர் ‘யுபிஎன்பி’. இரண்டிலும் விளைவு ஒன்றே. உரிமையாளருக்காகத் திறந்த வாசல் உலகம் முழுவதற்கும் திறந்திருக்கிறது. அதில் காவலாக நிற்பது கமெராவின் கடவுச்சொல் மட்டுமே.

இவ்வளவு பெரிய இணையத்தில் ஒரு சிறு வீட்டின் கமெராவை யார் தேடி வரப்போகிறார்கள் என்று பலர் எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் தவறானது. இணையத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஐ.பி. முகவரி எனப்படும் ஓர் எண் உண்டு. இன்றும் பெரிதும் வழக்கிலுள்ள முறையில் அவ்வெண்கள் ஏறத்தாழ 430 கோடி. மனிதருக்கு அது எண்ணி முடியாத தொகை. கணினிகளுக்கோ அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, திறந்திருப்பவற்றைக் குறித்துக்கொள்வது நாளாந்த வேலை. இவ்வாறு இணையத்துடன் நேரடியாக இணைந்துள்ள கருவிகளைத் தேடிப் பட்டியலிடும் ‘ஷோடான்’ என்னும் தேடுபொறி 2009ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. பாதுகாப்பு ஆய்வாளர்களுக்கு அது பயனுள்ள கருவி. தீய நோக்கமுடையோரும் அதையே பயன்படுத்தலாம். ஒரு குறிப்பிட்ட வீட்டை எவரும் குறிவைக்கத் தேவையில்லை. திறந்திருக்கும் எல்லா வாசல்களையும் தேடும்போது அந்த வீடும் அகப்பட்டுவிடுகிறது.

புதிய வகைக் கமெராக்கள் பெரும்பாலும் இவ்வாறு வாசல் திறப்பதில்லை. அவை தாமே வெளியே சென்று, தயாரிப்பு நிறுவனத்தின் சேமிப்பகத்துடன் இணைந்துகொள்கின்றன. உரிமையாளரின் செயலியும் அங்கே சென்றே படத்தைப் பெறுகிறது. இது முந்தையதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு. எனினும் கவனிக்க வேண்டிய இடம் இங்கே வீட்டு ரவுட்டரிலிருந்து அந்நிறுவனத்திலுள்ள கணக்குக்கு மாறுகிறது. கணக்கின் கடவுச்சொல்லை அறிந்தவர் உலகின் எம்மூலையிலிருந்தும் வீட்டினுள் பார்க்கலாம். ஒலிபெருக்கி உள்ள கமெராவாயின் பேசவும் செய்யலாம். 2019 டிசெம்பரில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 8 வயதுச் சிறுமி ஒருத்தியின் அறையில் இதுவே நிகழ்ந்தது. பெற்றோர் சில நாள்களுக்கு முன்னரே பொருத்திய கமெராவினூடாக முன்பின் அறியாத ஆண் ஒருவன் அவளுடன் பேசினான். தன்னைக் கிறிஸ்துமஸ் தாத்தா என்று சொல்லிக்கொண்டான்.

கடவுச்சொல்லும் இரட்டைச் சரிபார்ப்பும்

2016ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, இலட்சக்கணக்கான கமெராக்களையும் பதிவுப்பெட்டிகளையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அதனிடம் இருந்தது 60 சொச்சம் பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் கொண்ட ஒரு சிறு பட்டியல். ‘அட்மின்’, ‘12345’ போன்ற தொழிற்சாலைக் கடவுச்சொற்களே அதில் இருந்தன. கைப்பற்றப்பட்ட கருவிகள் அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி ஒரே வேளையில் ஓர் அமெரிக்க இணையச் சேவை நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பல மணி நேரம் பலருக்குக் கிடைக்காமற் போயின. தம் வாசற் கமெரா அத்தாக்குதலில் பங்குகொண்டதை அதன் உரிமையாளர் அறிந்திருக்கவும் மாட்டார். அவருடைய திரையில் படம் வழக்கம்போலவே தெரிந்திருக்கும்.

ஆகவே முதற்பணி, கமெராவுடன் வந்த கடவுச்சொல்லை மாற்றுவது. பதிவுப்பெட்டிக்கும் ரவுட்டருக்கும் தனித்தனியே கடவுச்சொற்கள் உண்டு என்பதை மறத்தலாகாது. அவையும் மாற்றப்பட வேண்டும். பிரித்தானியத் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று சொற்களைச் சேர்த்துக் கடவுச்சொல் அமைக்குமாறு கூறுகிறது. நீளமாக இருப்பதால் அதை ஊகிப்பது கடினம். சொற்களாக இருப்பதால் நினைவில் வைப்பது எளிது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் எழுதியும் இவ்வாறு அமைக்கலாம். ‘உரல்’, ‘பேருந்து’, ‘மின்மினி’ போன்ற மூன்று சொற்களுக்கிடையே எந்த உறவும் இல்லை. அச்சில் வந்துவிட்ட இம்மூன்றையும் தவிர்த்து வேறு எதையும் தெரிவு செய்யலாம். பிள்ளைகளின் பெயர், பிறந்த ஆண்டு, ஊர்ப்பெயர், குலதெய்வத்தின் பெயர் ஆகியன கூடா. இவை உறவினர் அனைவருக்கும் தெரிந்தவை. முகநூலைப் பார்ப்போருக்கும் தெரிந்தவை.

மற்றோர் இடத்தில் பயன்படுத்திய கடவுச்சொல்லைக் கமெராவுக்கும் பயன்படுத்துவது அடுத்த பெருந்தவறு. ஏதோ ஒரு கடையின் இணையத்தளத்திலிருந்து திருடப்பட்ட மின்னஞ்சல் முகவரிகளும் கடவுச்சொற்களும் பட்டியல்களாகக் கைமாறுகின்றன. அவற்றை மின்னஞ்சல், வங்கி, கமெரா என ஒவ்வொரு சேவையிலும் இட்டுப் பார்ப்பதைக் கணினி நிரல்கள் ஓயாமற் செய்துகொண்டிருக்கின்றன. அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2023 மே மாதத்தில் ரிங் நிறுவனத்தின் மீது முன்வைத்த முறைப்பாட்டில், இவ்வழியாலும் கடவுச்சொல்லை ஊகிக்கும் முயற்சிகளாலும் அமெரிக்காவில் மட்டும் 55,000க்கும் அதிகமான வாடிக்கையாளர் பாதிக்கப்பட்டதாகக் கூறியது. நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் பெண் வாடிக்கையாளர்களுக்குரிய ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பல மாதங்களாகப் பார்த்து வந்ததாகவும் அதே முறைப்பாடு குற்றஞ்சாட்டியது. 58 இலட்சம் டொலர் செலுத்த நிறுவனம் இணங்கியதோடு வழக்கு முடிவுற்றது.

இதிலிருந்து இரு பாடங்கள் பெறலாம். ஒன்று, இரட்டைச் சரிபார்ப்பு. கடவுச்சொல்லை இட்ட பின்னர் கைத்தொலைபேசிக்கு வரும் எண்ணையும் இட்டாலன்றிக் கணக்குத் திறக்காத ஏற்பாடு இது. ரிங் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் இதைக் கட்டாயமாக்கியது. வேறு பல நிறுவனங்களின் செயலிகளில் உரிமையாளரே தேடிச் சென்று இயக்க வேண்டியுள்ளது. ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘செக்யூரிட்டி’ அல்லது ‘அக்கவுண்ட்’ என்பதன் கீழ் இது இருக்கும். கமெராக் கணக்குக்குரிய மின்னஞ்சலுக்கும் இதைச் செய்வது அவசியம். ஏனெனில், மின்னஞ்சலைத் திறக்க முடிந்தவர் ஏனைய கடவுச்சொற்கள் யாவற்றையும் மாற்றிவிடலாம்.

மற்றது, எந்த அறையில் கமெரா இருக்கலாம் என்பது. பதிவுகள் ஒரு நிறுவனத்தின் சேமிப்பகத்தில் தங்கும்வரை, அந்நிறுவனத்தின் நேர்மையையும் உரிமையாளர் நம்ப வேண்டியவராகிறார். வாசலுக்கும் கடைக்கும் அந்த நம்பிக்கை போதுமானதாக இருக்கலாம். படுக்கையறைக்கும் உடைமாற்றும் அறைக்கும் அது போதாது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் அழுகுரல் அடுத்த அறைக்குக் கேட்க வேண்டும் என்பதே தேவையாயின், இணையத்துடன் இணையாத, வானொலி அலையில் மட்டும் இயங்கும் குழந்தைக் கண்காணிப்பான்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை வேறொரு நாட்டிலிருந்து எவரும் திறக்க முடியாது.

மென்பொருள் திருத்தங்களும் 2024ஆம் ஆண்டுச் சட்டமும்

சிறந்த கடவுச்சொல் இருந்தும் பயனற்றுப்போகும் சந்தர்ப்பங்கள் உண்டு. ட்ரெண்ட்நெட் என்னும் நிறுவனத்தின் கமெராக்களில் இருந்த மென்பொருட் குறையினால், உரிமையாளர் கடவுச்சொல் இட்டிருந்தபோதிலும் அதைக் கேளாமலே படம் வெளியே சென்றது. 2012 ஜனவரியில் ஏறத்தாழ 700 கமெராக்களின் நேரடிக் காட்சிகளுக்குரிய இணைப்புகள் இணையத்தில் வெளியிடப்பட்டன. உறங்கும் குழந்தைகளும் விளையாடும் சிறுவரும் அவற்றில் இருந்தனர். சிறு கடைகளில் பரவலாகக் காணப்படும் ஹைக்விஷன் நிறுவனத்தின் பல மாதிரிகளிலும், கடவுச்சொல் இன்றியே கட்டுப்பாட்டைக் கைப்பற்ற வழிதரும் குறை இருப்பது 2021 செப்டெம்பரில் அறிவிக்கப்பட்டது. இரு நிறுவனங்களும் திருத்தங்களை வெளியிட்டன. ஆனால் திருத்தம் வெளிவருவது வேறு. அது கடையின் மூலையிலுள்ள பெட்டிக்குள் சென்று சேர்வது வேறு. ஐந்து ஆண்டுகளுக்கு முன் பொருத்திய பெட்டியை அதன் பின் எவரும் தொடாத நிலையே பல இடங்களில் காணப்படுகிறது.

‘அப்டேட்’ எனப்படும் இத்திருத்தங்கள் தாமாகவே பதிவாகும் வசதி இருப்பின் அதை இயக்கி வைக்க வேண்டும். இல்லாவிடின் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை செயலியிலோ பெட்டியின் அமைப்புப் பக்கத்திலோ தேடிப் பார்க்க வேண்டும். நிறுவனம் திருத்தம் வெளியிடுவதையே நிறுத்திவிட்ட பழைய கருவியாயின், அதை இணையத்திலிருந்து துண்டித்து, பதிவு செய்வதற்கு மட்டும் பயன்படுத்தலாம். களவு நடந்த பின் பார்ப்பதற்கு அதுவே போதுமானது.

2024 ஏப்ரல் 29ஆம் திகதி முதல் ஐக்கிய இராச்சியத்தில் நடைமுறைக்கு வந்துள்ள உற்பத்திப்பொருட் பாதுகாப்பு மற்றும் தொலைத்தொடர்பு உட்கட்டமைப்புச் சட்டத்தின் ஏற்பாடுகள் வாங்குவோருக்குச் சில உரிமைகளைத் தருகின்றன. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை இட்டு விற்பதை அவை தடை செய்கின்றன. ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கடவுச்சொல் இருக்க வேண்டும், அல்லது வாங்குபவரே அமைத்துக்கொள்ள வேண்டும். எக்காலம்வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்படும் என்பதையும், குறைகளை எங்கே அறிவிக்கலாம் என்பதையும் உற்பத்தியாளர் வெளியிட வேண்டும். மீறும் நிறுவனத்துக்கு 1 கோடி பவுண் அல்லது அதன் உலகளாவிய வருவாயில் 4 வீதம், இவற்றுள் எது கூடியதோ அதுவரை தண்டம் விதிக்கலாம். புதிய கமெரா வாங்குவோர் விலையைக் கேட்கும்போதே, திருத்தங்கள் எந்த ஆண்டுவரை கிடைக்கும் என்றும் கேட்பது நன்று. விற்பவருக்கு விடை தெரியாவிடின் வேறு கடை பார்ப்பதே நலம்.

இச்சட்டம் இந்நாட்டில் அத்திகதிக்குப் பின் விற்பனைக்கு வரும் பொருள்களுக்கே உரியது. சுவரில் ஏற்கெனவே இருக்கும் கமெராவை அது மாற்றிவிடாது. ஊரிலிருக்கும் பெற்றோரின் வீட்டில் அங்கேயே வாங்கிப் பொருத்திய கமெராவையும் அது தொடாது. அத்தகைய கமெராவின் கடவுச்சொல், பொருத்தியவர் முதல் நாளில் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அதே சொல்லாக இன்றும் இருக்கக்கூடும். இங்கிருந்தபடியே செயலியின் மூலம் அதை மாற்றிவிடலாம். வீட்டில் முதியவர் தனியே இருக்கிறார், எப்போது வெளியே செல்கிறார் என்பன அக்கமெராவைப் பார்க்கும் எவருக்கும் தெரிந்துவிடும் ஆதலால், அதைத் தள்ளிப்போடுவது தகாது.

வீட்டிலேயே செய்யத்தக்க ஒரு சோதனை

வீட்டு வைஃபையுடன் இணைந்த கணினியில், ‘வட் இஸ் மை ஐ.பி.’ என்று தேடுபொறியில் ஆங்கிலத்தில் கேட்டால், அவ்வீட்டு இணைப்பின் எண் திரையில் தோன்றும். அதைக் குறித்துக்கொண்டு, கைத்தொலைபேசியின் வைஃபையை நிறுத்தி, தொலைபேசி நிறுவனத்தின் இணையத்தின் வழியாக அவ்வெண்ணை உலாவியில் இட வேண்டும். எதுவும் திறக்காவிடின் நன்று. கடவுச்சொல் கேட்கும் பக்கமோ கமெரா நிறுவனத்தின் பெயரோ தோன்றினால், அதே பக்கம் உலகிலுள்ள எவருக்கும் தோன்றும் என்பது பொருள். வந்தது ரவுட்டரின் சொந்தப் பக்கமாக இருப்பினும் அதுவும் மூடப்பட வேண்டியதே.

இச்சோதனையில் எதுவும் தோன்றாமை முழு நிம்மதிக்குப் போதாது. கமெரா வேறொரு வாசல் எண்ணில் திறந்திருக்கலாம். எனவே ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று ‘போர்ட் ஃபோர்வர்டிங்’ பட்டியலில் கமெராவுக்கோ பதிவுப்பெட்டிக்கோ உரிய பதிவு உள்ளதா என்று பார்த்து, இருந்தால் நீக்கிவிட வேண்டும். ‘யுபிஎன்பி’ வசதியையும் நிறுத்தி வைக்கலாம். இணைய விளையாட்டுகள் ஆடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் சிலவேளை இது முணுமுணுப்பை உண்டாக்கும். இவ்வாறு மூடிய பின் தொலைபேசியில் கமெராப் படம் வராமற் போனால், அதுகாறும் அது திறந்த வாசலின் வழியே வந்துகொண்டிருந்தது என்று அறியலாம். அந்நிலையில் நிறுவனத்தின் செயலி வழியாகவோ, தனிப் பாதையை அமைக்கும் ‘விபிஎன்’ வழியாகவோ பார்க்கும் ஏற்பாட்டைச் செய்து தருமாறு பொருத்தியவரைக் கேட்கலாம்.

கணக்குக்குள் வரக்கூடியவர் எவர்?

முன்பின் தெரியாதவரே ஆபத்தானவர் என்று கொள்வது சரியன்று. கமெராவைப் பொருத்தியவர் தம் மின்னஞ்சலிலேயே கணக்கைத் திறந்துவிட்டு, வாடிக்கையாளரைத் துணைப் பயனராகச் சேர்த்திருந்தால் கமெராவின் உண்மையான அதிகாரம் அவரிடமே இருக்கும். முன்னர் கடையில் வேலை செய்தவர், வீட்டில் வாடகைக்கு இருந்து சென்றவர், ஒருமுறை கடவுச்சொல்லைப் பெற்ற உறவினர் ஆகியோரும் இன்றும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பெரும்பாலான செயலிகளில் கணக்குடன் இணைந்துள்ள பயனர்களையும் தொலைபேசிகளையும் பட்டியலாகக் காணலாம். அடையாளம் தெரியாத ஒவ்வொன்றையும் நீக்கி, அதன் பின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். முதலில் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் ஏற்கெனவே உட்புகுந்த தொலைபேசிகள் வெளியேறாமல் இருக்கக்கூடும்.

பிரிந்து வாழும் கணவனோ மனைவியோ, அல்லது ஒரே வீட்டிலிருந்தபடி மற்றவரைக் கட்டுப்படுத்துபவரோ கமெராவை ஆயுதமாக்கிக்கொள்ளும் நிலை உண்மையானது. யார் வந்தார், எத்தனை மணிக்குத் திரும்பினாய், என்ன உடுத்தியிருந்தாய் என்ற விசாரணைகள் வீட்டில் இல்லாத ஒருவரிடமிருந்து வருமாயின், கமெராக் கணக்கு அவர் கையில் இருக்கலாம். இங்கு மேலே கூறிய அறிவுரையை அப்படியே பின்பற்றுவது சிலவேளை தீங்காகும். கமெராவை நிறுத்தியதும் அவருக்கு அறிவித்தல் சென்றுவிடும். அவரது சினம் பாதுகாப்பற்றவர் மீது திரும்பும். அத்தகைய நிலையிலுள்ளோர் எதையும் மாற்றுமுன், அக்கமெராவின் செவிக்கு எட்டாத இடத்திலிருந்து, தேசிய வீட்டு வன்முறை உதவித் தொலைபேசியாகிய 0808 2000 247 என்ற இலக்கத்தை அழைக்கலாம். அழைப்பு இலவசம், 24 மணி நேரமும் இயங்கும். மொழிபெயர்ப்பாளர் தேவை என்று அழைப்பின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் ‘தமிழ்’ என்று மட்டும் சொன்னாலும் போதும். உடனடி ஆபத்தாயின் 999.

அயலாரும் சட்டமும்

தம் காணிக்குள் மட்டும் பார்க்கும் வீட்டுக் கமெராவுக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. அது தெருவையோ பக்கத்து வீட்டுத் தோட்டத்தையோ பொதுப் படிக்கட்டையோ பதிவு செய்யத் தொடங்கிய கணத்தில் உரிமையாளருக்குச் சட்டக் கடமைகள் உண்டாகின்றன. பதிவு நடைபெறுவதை அறிவிப்புப் பலகையால் தெரிவிக்க வேண்டும். தேவைக்கு மேல் பதிவுகளை வைத்திருக்கலாகாது. பதிவில் உள்ளவர் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் அவர் தொடர்பான பதிவின் பிரதியைக் கொடுக்க வேண்டும். பதிவுகளைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். இக்கடைசிக் கடமையே இக்கட்டுரையின் பொருள். மாற்றப்படாத கடவுச்சொல்லினால் அயலவரின் பிள்ளைகள் பள்ளி செல்லும் காட்சி வெளியே சென்றால், ‘எனக்கும் தெரியாது’ என்னும் விடை அயலவரை அமைதிப்படுத்தப்போவதில்லை.

2021 ஒக்டோபரில் ஒக்ஸ்ஃபோர்ட் கவுண்டி நீதிமன்றம் அயலவர் இருவருக்கிடையிலான வழக்கொன்றில், அழைப்புமணிக் கமெராவும் ஏனைய கமெராக்களும் அயலவரின் காணியையும் உரையாடலையும் பதிவு செய்தது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. காட்சியைவிட ஒலிப்பதிவையே நீதிபதி கடுமையாகக் கருதினார் என்பது கவனிக்கத்தக்கது. திருட்டைத் தடுப்பதற்கு அயலவரின் பேச்சு தேவையில்லை. கவுண்டி நீதிமன்றத் தீர்ப்பு ஏனைய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் வழக்கு எத்திசையில் செல்லக்கூடும் என்பதை அது காட்டுகிறது. ஒலிப்பதிவை நிறுத்தும் தெரிவும், அயலவர் காணியை மறைக்கும் தெரிவும் பல செயலிகளில் உள்ளன. இரண்டையும் இயக்கிவிட்டால், கமெரா வெளிப்பட்டாலும் கசிவது குறையும். கவுன்சில் வீடுகளிலும் வாடகை வீடுகளிலும் இருப்போர் சுவரில் துளையிடுமுன் வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்து, வேண்டிய அனுமதியைப் பெற வேண்டும். கடைக்காரருக்கு இவ்விலக்குகள் எதுவுமில்லை. அவர்கள் தகவல் ஆணையாளர் அலுவலகத்துக்குரிய ஆண்டுக் கட்டணத்தையும் செலுத்த வேண்டும்.

இளையோருக்கு ஒரு வார்த்தை. பிறர் கமெராவில் ‘அட்மின்’ என்று இட்டுத் திறக்கிறதா என்று பார்ப்பது விளையாட்டாகத் தோன்றலாம். 1990ஆம் ஆண்டின் கணினித் துர்ப்பிரயோகச் சட்டத்தின்படி, அனுமதியின்றி உட்புகுதலே குற்றம். எதையும் திருடாவிட்டாலும் இரண்டு ஆண்டுவரை சிறை விதிக்கலாம். கதவு பூட்டப்பட்டிருக்கவில்லை என்பது அங்கே எதிர்வாதமாகாது.

கமெராவில் பிறர் புகுந்துவிட்டதாக ஐயம் எழுந்தால்

தானாகத் திரும்பும் கமெரா, செயலியில் தெரியாத பெயர், அறியாத இடத்திலிருந்து கணக்குத் திறக்கப்பட்டதாக மின்னஞ்சல் ஆகியவை அறிகுறிகள். முதலில் கமெராவின் மின்னிணைப்பைக் கழற்ற வேண்டும். பின்னர், அம்மின்னஞ்சலையும் செயலியின் பயனர் பட்டியலையும் படமெடுத்து வைக்க வேண்டும். அவை பின்னர் சான்றாகும். அதன் பின்னரே மின்னஞ்சல், கமெராக் கணக்கு, ரவுட்டர் என்ற வரிசையில் கடவுச்சொற்களை மாற்றி, கமெராவைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டு, திருத்தங்களைப் பதிவு செய்து மீண்டும் இணைக்கலாம். எவரேனும் காட்சிகளைக் காட்டி மிரட்டினால் பணம் கொடுக்காது பொலிஸாரிடம் 101 என்ற இலக்கத்தில் முறையிட வேண்டும். அயலவரின் அல்லது கடையின் கமெரா பற்றிய முறைப்பாடுகளுக்குத் தகவல் ஆணையாளர் அலுவலகத்தின் இலக்கம் 0303 123 1113.

பழைய கமெராவை விற்கவோ நன்கொடைக் கடைக்குக் கொடுக்கவோ எறியவோ எண்ணுவோர், அதிலுள்ள நினைவக அட்டையைக் கழற்றி எடுத்து, செயலியிலிருந்து கருவியை நீக்கி, தொழிற்சாலை நிலைக்கு மீட்ட பின்னரே கையளிக்க வேண்டும். வீட்டின் வைஃபை கடவுச்சொல் அதனுள்ளே இருக்கிறது. பழைய கமெராவை வாங்குவோரும் பொருத்துமுன் இதையே செய்ய வேண்டும். முந்தைய உரிமையாளரின் கணக்கில் அது இன்னும் இணைந்திருந்தால், புதிய வீட்டின் படம் அவருடைய தொலைபேசிக்குப் போகக்கூடும்.